சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்

தம்பி,

கலியாணத்துக்குச் சில கிழமைகளே இருக்கும்போது ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுகிற கடிதமா இது என்று அம்மா கேட்கிறாள். நான் எழுதத் தொடங்கியதும் பின்னால் வந்து நின்று முதல் வரிகளை வாசித்துவிட்டு, "பிள்ளை நல்ல காரியத்துக்கு வரப்போறான். இப்ப உந்தக் கதையை எழுதி அவன்ரை மனதை ஏன் நோகப் பண்ணுறியள்?" என்றாள். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன். தொலைபேசியில் இந்தக் கதையை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நீ, "அப்பா, மீற்றிங் ஒண்டு இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. இதை உனக்கு மட்டும் அனுப்பவும் போவதில்லை. உன் நிறுவனத்தின் ரேடியோவை வாங்கி வீட்டில் நிலையம் வைத்திருக்கிற அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். நீ எழுதிய நிரல் அவர்களுடைய மேசைகளிலும் இருக்கிறது.

அந்தப் பெட்டி வல்வெட்டித்துறைக்கு வந்த நாள் எனக்கு நல்ல நினைவு. நீ கனடாவில் அந்த நிறுவனத்தில் சேர்ந்து, உன் கை பட்ட முதல் ரேடியோ விற்பனைக்கு வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பினாய். பார்க்க ஒரு புத்தகத்தின் அளவுதான். பழைய ரேடியோக்களில் சுருள்களும் வடிகட்டிகளும் செய்த வேலையை எல்லாம் இதில் மென்பொருள் செய்கிறது என்றாய். நிரலை மாற்றினால் ரேடியோவே வேறொன்றாகிவிடும் என்றாய். கப்பலில் ரேடியோ அதிகாரியாக உலகம் சுற்றிய எனக்கே அது விளங்க நாள் எடுத்தது. விளங்கியபோது, தெருவில் போன ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "இது என்ரை மகன் செய்தது" என்று சொன்னேன். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். கருவாடு விற்க வந்த மனுசியைக்கூட உள்ளே கூட்டி வந்து காட்டினேனாம். வீட்டில் இருந்த பழைய பெட்டியைப் பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். மகன் செய்த ரேடியோ இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற திமிர் அது.

நான் அப்டேட்டுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வயதானவர் எதையோ பார்க்காமல் அழுத்திவிட்டார் என்று உன் நிறுவனத்தில் யாராவது சொன்னால் அவருக்கு இதைச் சொல். ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அதோடு வருகிற குறிப்பை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறவன். வைஃபையை நம்பாமல் பெட்டியையும் கணினியையும் கேபிளால் நேராக இணைப்பேன். கரண்ட் நடுவில் போனால் பெட்டி செத்த பெட்டியாகிவிடும் என்பதால் இரண்டையும் பற்றறியில் ஓடவிடுவேன். பழைய அமைப்புகளைத் தனியாக எடுத்து வைப்பேன். அதன்பிறகுதான் அழுத்துவேன். முதல் வந்த அப்டேட்டுகள் எல்லாம் நல்லவை. ஒன்று இரைச்சலைக் குறைத்தது. இன்னொன்று தூரத்துக் குரலைத் தெளிவாக்கியது. ஒவ்வொரு முறையும் உனக்கு எடுத்துச் சொன்னேன், நீயும் சந்தோசப்பட்டாய்.

மாரி தொடங்கும்போது வந்த அந்த அப்டேட்டின் குறிப்பையும் வாசித்தேன். "பாதுகாப்பும் நிலைத்தன்மையும் மேம்படுத்தப்பட்டுள்ளன." அவ்வளவுதான் இருந்தது. இனி இந்த ரேடியோ ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இணையத்தில் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டு அனுமதி கேட்கும், அனுமதி கிடைக்காவிட்டால் வாய் திறக்காது, காதும் திறக்காது என்று எங்கே எழுதியிருந்தீர்கள்? இப்போதும் அந்தக் குறிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. இணையம் இருந்த நாட்களில் அது கேட்டதும் எனக்குத் தெரியாது, நீங்கள் கொடுத்ததும் எனக்குத் தெரியாது. ஒரு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிற சடங்கு அது.

எங்கள் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்து வீட்டு யோகனை உனக்குத் தெரியும். அவனுடைய தம்பி சுதாகரனையும் தெரியும். நீ பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற காலத்தில் உன் சைக்கிளின் பின்னால் ஏறித் திரிந்தவன். அண்ணனும் தம்பியும் தனித்தனிப் படகு வைத்திருக்கிறார்கள். தெற்கே போகிறது என்று சொன்ன புயல் வடக்கே திரும்பிய அன்று, யோகன் போட்ட வலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தனியாகக் கடலுக்குப் போனான். அவன் திரும்புவதற்கு முதல் காற்று வந்துவிட்டது. அந்த இரவு எங்கள் கூரையின் ஓடு பறந்தது, பின்வளவில் முருங்கை விழுந்தது, அவற்றை எல்லாம் உனக்குப் பிறகுதான் சொன்னேன். யோகன் வரவில்லை என்பதையும் அன்று உனக்குச் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. கரண்ட் இல்லை. போன் இல்லை. இணையம் இல்லை.

விடிந்ததும் காற்றுத் தணிந்தது. இறக்கி வைத்திருந்த அன்ரெனாக் கம்பியை நானும் அம்மாவுமாக மறுபடி பனையில் ஏற்றிக் கட்டினோம். சூரிய ஒளித் தகடு உடையவில்லை. பற்றறி நிறைந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, தம்பி. ஒரு நிலையத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒருவரையும் நம்பாமல் என் வீட்டிலேயே இருந்தது. யோகனின் மனைவி வதனி அதற்குள் வந்து எங்கள் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், நான் ஒவ்வொரு நாளும் காலையில் கடலுக்கு அந்தப் பக்கம் வேதாரணியத்தில் இருக்கிற மாணிக்கத்தோடு கதைக்கிறவன் என்று. அவரும் என்னைப்போல ஓய்வுபெற்ற மனிதர், அமெச்சூர் வானொலிக்காரர். அந்தக் கரையில் ஏதாவது தெரிந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"மாமா, அங்காலைப் பக்கம் ஒருக்கால் கேளுங்கோ. காத்து அங்கைதானே அடிச்சது" என்றாள் வதனி.

"ஓம் பிள்ளை, இரு, இப்ப கேக்கிறன்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டேன்.

திரை வெளிச்சம் வந்தது. "சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் வந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. காத்திருந்தேன். வட்டம் நின்றது. "இணைப்புக் கிடைக்கவில்லை, மீண்டும் முயற்சிக்கப்படும்" என்றது. மறுபடியும் வட்டம். நான் முதலில் என் கம்பியில்தான் பிழை என்று நினைத்தேன். கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ரேடியோவின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே வட்டம். கேட்கிற வேலையைக்கூடச் செய்யமாட்டேன் என்றது. வானத்தில் என்ன இரைகிறது என்பதைக்கூட எனக்குக் காட்டமாட்டேன் என்றது. வதனி என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "இன்னும் கொஞ்ச நேரத்திலை வேலை செய்யும்" என்று அவளுக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் அந்தத் திரை எனக்கு அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். முடியாது என்று அது நேர்மையாகச் சொல்லியிருந்தால், நான் அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். பார் பார் என்று ஆசை காட்டி ஒரு முழுப் பகலையும் என்னிடமிருந்து பறித்தது.

பின்னேரம்தான் எனக்கு வெட்கம் வந்து அந்தப் பெட்டியை விட்டு எழும்பினேன். அம்மா செய்தி கேட்கிற சின்ன ட்ரான்சிஸ்டரை எடுத்து, அன்ரெனாக் கம்பியை அதன் குச்சியில் சுற்றி, சிற்றலையில் மாணிக்கம் வழக்கமாக வருகிற இடத்துக்குத் திருப்பினேன். குரல் இருந்தது. ஆனால் என்ன குரல்! எங்கள் அமெச்சூர் ரேடியோவில் குரலைச் சிக்கனமாக அனுப்புவதற்காக அலையின் ஒரு பகுதியை நீக்கிவிட்டே அனுப்புவோம், வாங்குகிற பெட்டி அதைத் திருப்பிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண ட்ரான்சிஸ்டருக்கு அது தெரியாது. ஆகவே தாரா வாத்துக் கத்துவதுபோல ஒரு கரகரப்புத்தான் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எத்தனையோ காலைகளில் கேட்ட மனிதரின் பேச்சு ஓட்டம் எனக்குத் தெரியாதா? மாணிக்கம் ஒரே விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார், நிறுத்துகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், மறுபடி சொல்கிறார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று விளங்கியது. என்னவென்று விளங்கவில்லை. அதற்குள் பொழுது சாய்ந்தது. இருட்டுப்பட்டால் அந்த அலைவரிசையில் பக்கத்து ஊர்கள் மறைந்து தூரத்து ஊர்கள் வந்துவிடும். குரல் தேய்ந்து போய்விட்டது.

வதனியிடம் நான் என்ன சொல்ல? "அவர் ஏதோ சொல்லுறார் பிள்ளை, எனக்கு விளங்கேல்லை" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "விளங்காத அளவுக்கு என்ன சொல்லுவார்? இல்லையெண்டு சொல்லுறாராக்கும்" என்று எழும்பிப் போனாள். அன்றிரவு அந்த வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு பழைய உபாயம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ட்ரான்சிஸ்டருக்குள்ளும் அது தன் தேவைக்காக ஒரு மெல்லிய அலையை உண்டாக்கும், கொஞ்சம் வெளியேயும் கசியும். இரண்டாவது ட்ரான்சிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சரியான இடத்துக்குத் திருப்பினால், அந்தக் கசிவு முதலாவது பெட்டியில் குறைந்துபோன பகுதியை நிரப்பும். தாராச் சத்தம் மனிதப் பேச்சாகும். நான் ஓடிப்போய் வதனியிடம் கேட்டேன். யோகன் கடலுக்குக் கொண்டுபோகிற ட்ரான்சிஸ்டர் வீட்டில்தான் இருந்தது. வலையை எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடலாம் என்று அன்றைக்கு அதை விட்டுவிட்டுப் போயிருந்தான். வதனியே அதைக் கொண்டுவந்தாள். அவளே கையில் பிடித்து, நான் சொல்லச் சொல்லக் கிட்டவும் எட்டவும் நகர்த்தினாள். மயிரிழை பிசகினாலும் குரல் குலைந்துவிடும். அவள் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். கரகரப்புச் சுருங்கிச் சுருங்கி, திடீரென்று மாணிக்கம் எங்கள் முன்னறைக்குள் வந்து நின்றார்.

"...வல்வெட்டித்துறை சார் கேக்கறீங்களா? உங்க தெரு யோகநாதன் உயிரோட இருக்கார். கோடியக்கரையில கரை ஒதுங்கிட்டார். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அவங்க வீட்ல சொல்லிடுங்க. நேத்துலேர்ந்து கூப்பிடறேன் சார், உங்க சத்தமே இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

நேற்றிலிருந்து, தம்பி. நேற்றிலிருந்து அந்தச் செய்தி எங்கள் கூரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்கவென்றே செய்த பெட்டி மேசையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் சொல்லக்கூட முடியவில்லை. அந்த மனிதர் பதிலில்லாத இடத்துக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல்.

வதனி ட்ரான்சிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு வதனியின் முகம் அப்படியே மாறியது. "ஐயோ மாமா, சுதா! சுதா விடியவே கடலுக்குப் போயிட்டான்!" என்றாள். அண்ணனின் உடலையாவது கொண்டுவருகிறேன் என்று சுதாகரன் அன்று விடியற்காலையில் அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு படகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். தேடுவதற்கு ஒருவரும் இல்லாத கடலுக்கு.

நாங்கள் கடற்கரைக்கு ஓடினோம். கடல் இன்னும் ஆறியிருக்கவில்லை. முருகைக்கல் பாறைத் திட்டான பாருக்கு நடுவில் படகுகள் வந்துபோகிற ஒடுங்கிய வழி இருக்கிறதே, அதில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்களுக்கு வதனி கத்திச் சொன்னாள், யோகன் இருக்கிறான், சுதாவைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று. எப்படிக் கூப்பிடுவது? அவனுடைய கைபேசிக்கும் கோபுரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வருவது தெரிந்தது. எரிபொருள் முடிகிறதென்று திரும்பினானாம். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வழியில் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப் போய் அவனைக் கொண்டுவந்தார்கள். படகுக்கும் பாருக்கும் இடையில் அகப்பட்ட கால் முழங்காலுக்குக் கீழே காலாக இருக்கவில்லை. கரையில் கிடத்தியபோது அவனுக்கு நினைவிருந்தது. வதனி குனிந்து, "கொண்ணை இருக்கிறாரடா, சுதா, உன்ரை அண்ணை இருக்கிறார்" என்றாள். "அப்ப சரி அண்ணி" என்றான். ட்ராக்டரில் மந்திகை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனார்கள். காலை எடுத்துவிட்டார்கள்.

இணையம் திரும்பி வந்த நாளில் நான் ஒன்றும் செய்யாமலே உன் பெட்டி விழித்துக்கொண்டது. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். "நன்றி. உங்கள் கருவி உண்மையானதென உறுதிசெய்யப்பட்டது." எனக்குச் சிரிப்பதா, அதை எடுத்துக் கிணற்றில் எறிவதா என்று தெரியவில்லை. நான் காசு கொடுத்து வாங்காவிட்டாலும் என் மகன் எனக்குத் தந்த பெட்டி அது. என் மேசையில், என் பற்றறியில், என் கம்பியில் ஓடுகிறது. அது உண்மையானதென்று கடல் கடந்து யாரோ எனக்குச் சான்று தந்தார்கள்.

அன்றுதான் உனக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னாய்: "அப்பா, ஆரோ எங்கடை பெட்டியைப் பார்த்துக் கள்ளப் பெட்டி செய்து, எங்கடை மென்பொருளைப் போட்டு விக்கினம். அதைத் தடுக்கத்தான் அந்தச் சோதனை."

"கள்ளனைப் பிடி, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஏன் என்னைப் பூட்டினனி?" என்று கேட்டேன்.

"எல்லாற்றை வீட்டிலையும் எந்நேரமும் இன்ரநெற் இருக்குந்தானே அப்பா."

"இன்ரநெற் இல்லாத நேரத்துக்குத்தானடா இந்த ரேடியோ!"

"அது என்ரை முடிவில்லை அப்பா. மேலை எடுத்த முடிவு. நான் எழுதினது மட்டுந்தான்."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். நான் எழுதினது மட்டுந்தான். வேறு ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். எந்தப் பட்டணத்திலோ, ஒருநாளும் விளக்கு அணையாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, இணையம் இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்யத் தெரியாமல் இருக்கலாம். நீ எங்கே வளர்ந்தாய்? கரண்ட் என்றால் என்னவென்று தெரியாமலே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவன் நீ. யுத்தத்தில் ஊருக்குள் பற்றறிகூட வர விடாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் அம்மா செய்தி கேட்டாள். சுற்றியது நீ. நான் அப்போது நடுக்கடலில் இருந்தேன், அம்மா எழுதித்தான் எனக்குத் தெரியும். கை உளைந்து நீ சுற்றுவதை விட்டால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு நின்றுவிடுமாம், நீ மறுபடி சுற்றுவாயாம். அப்படி வளர்ந்த கையா இப்படி ஒரு நிரலை எழுதியது? எழுதும்போது உனக்கு ஒருதரம்கூட வீடு நினைவில் வரவில்லையா? வந்தது என்றால் அது இன்னும் மோசம்.

எழுதுகிறவனுக்கு வேறு வழியில்லை என்கிறாய். நான் ஏன் ஒரு கப்பலை விட்டு நடுவில் வீட்டுக்கு வந்தேன் என்று நீ சின்னனில் பலமுறை கேட்டிருக்கிறாய். நான் எப்போதும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். இப்போது சொல்கிறேன். அந்தக் கப்பலில் அவசர ரேடியோவின் பற்றறி செத்துப்போயிருந்தது. கப்பலின் கரண்ட் போனாலும் அந்த ரேடியோ தன் பற்றறியில் ஓட வேண்டும், அதற்காகத்தான் அதை வைத்திருப்பது. சோதித்துச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு, அடுத்த துறைமுகத்தில் மாற்றுவோம் என்று சொன்னார்கள். நான் போடமாட்டேன் என்றேன். பெரிய வீரமாக ஒன்றும் சொல்லவில்லை, பயத்தோடுதான் சொன்னேன். அடுத்த துறைமுகத்தில் பற்றறிக்குப் பதிலாக என்னை மாற்றினார்கள். பிறகு நெடுநாள் எனக்கு ஒரு கப்பலும் கிடைக்கவில்லை. அம்மா அந்தக் காலத்தை எப்படி ஓட்டினாள் என்று அவளிடம் கேள். ஆனால் ஒருநாளும் அவள் என்னைப் பார்த்து, ஒரு கையெழுத்துத்தானே, போட்டிருக்கலாமே என்று சொன்னதில்லை. இதை என் புகழுக்காகச் சொல்லவில்லை. மேலே எடுத்த முடிவு என்று ஒன்று எல்லாக் காலத்திலும் இருந்தது. அது கீழே ஒருவனுடைய கையால்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கைக்கு ஒரு வாய் இருக்க வேண்டும்.

அதன்பிறகு நீங்கள் செய்த திருத்தத்தையும் பார்த்தேன். புதுப் பதிப்பில், இணையம் இல்லாவிட்டாலும் ஒரு மாதம்வரை ரேடியோ இயங்குமாம். அதற்குச் சலுகைக் காலம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். யார் யாருக்குத் தருகிற சலுகை? என் வீட்டுப் பெட்டியை நான் இயக்க நீ எனக்குச் சலுகை தருகிறாயா? இந்தத் தீபகற்பம் ஒரு மாதத்துக்கு மேல் வெளியுலகம் அற்றுக் கிடந்ததை நீயே கண்டிருக்கிறாய். சரி, பழைய பதிப்பைத் தாருங்கள், நான் அதற்கே திரும்பிப் போகிறேன் என்று எழுதினேன். திரும்ப ஏலாது, புது அப்டேட் பழையதை ஏற்காதபடி பூட்டிவிட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பூட்டையும் குறிப்பில் எழுதவில்லை. என்னைப்போல எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாய்மரப் படகில் சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதர், மலைக்காட்டில் வாழ்கிற ஒரு மனுசி. எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பியிருக்கிறீர்கள். புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கோ அப்பா என்று எனக்கும் நீ அனுப்பிவைத்தாய். நான் அழுத்தவில்லை. அழுத்தவும் மாட்டேன். பண்டத்தரிப்புக்குப் போய், கொடுத்த பழைய பெட்டியை வாரத்தில் சில நாள் நான் பாவிக்கலாமா என்று பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மாணிக்கத்தோடு அங்கிருந்துதான் கதைக்கிறேன். கொடுத்த பொருளுக்காகத் திரும்பப் போய் நிற்பது ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நிறுவனத்தை விட்டு வா என்று நான் சொல்லவில்லை, அது உன் பிழைப்பு, நீ முடிவெடு. ஆனால் இணையம் இல்லாமல் இயங்குகிற பதிப்பு ஒன்று, காலக்கெடு இல்லாமல், எல்லோருக்கும் வேண்டும் என்று அங்கே எழுந்து நின்று சொல். அது முடியாதென்றால், குறிப்பின் முதல் வரியில், பெரிய எழுத்தில், இது இப்படித்தான் என்று எழுது. ஆட்கள் வாசித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். இன்னொருவருடைய பொருளில் கை வைக்கிறவன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். நீ கைப்பிடிக்கப்போகிற பிள்ளையோடு வாழ்கிற வீட்டிலும் இதே கதைதான். அவளுக்கு நல்லதென்று நீ நினைப்பதை அவளுக்குச் சொல்லாமல் செய்யாதே. பின்னால் தெரியவரும்போது, அது நல்லதாகவே இருந்தாலும், அவள் உன்னை நம்பமாட்டாள். நான் இன்றைக்கு உன் அப்டேட்டை நம்பாததுபோல.

யோகன் இந்தியாவில் உள்ள நடைமுறைகள் எல்லாம் முடிந்து பிறகு வந்துசேர்ந்தான். தம்பியைப் பார்த்த அன்று அவன் இருந்த இருப்பை நான் எழுதமாட்டேன். இப்போது இருவரும் ஒரே படகில்தான் போகிறார்கள். யோகன் முதலில் தம்பியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் பிறகு படகைத் தள்ளுவான். உன் பெட்டியால்தான் அன்றைய பகல் வீணானது என்று நான் அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. ரேடியோ பழுது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வதனி எனக்கு நன்றிகூடச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அது எனக்குப் பெரிய தண்டனை.

நல்லூரில் மண்டபம் எடுத்தாயிற்று. கலியாண அழைப்புக் காட் அடித்தாயிற்று. அம்மாவும் நானும் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கொடுத்து முடிக்கிற கட்டத்தில் இருக்கிறோம். நேற்றுச் சுதாகரன் ஊன்றுகோலோடு எங்கள் படலை வாசலில் வந்து நின்று, "கனடா அண்ணை எப்ப வாறார் மாமா? எல்லாருக்கும் காட் குடுத்திட்டியளாம், எங்களை மறந்திட்டியளோ?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மறக்கவில்லை என்று சொன்னேன். அந்த ஒரு வீட்டுக்கு நான் போகவில்லை. அம்மாவையும் போகவிடவில்லை. நீ வந்து இறங்கியதும், குளித்துச் சாப்பிட்டதும், அந்த வீட்டுக்குரிய அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நீ போ. நான் கூட வரமாட்டேன். சுதாகரனுக்குப் பக்கத்தில் இரு. என்ன எழுதினாய், ஏன் எழுதினாய், அது அன்றைக்கு என்ன செய்தது என்பதை அவனுக்கு விளங்குகிற தமிழில் முழுக்கச் சொல். சொல்லி முடித்த பிறகு அழைப்பிதழைக் கொடு. அவன் வாங்குகிறானா இல்லையா என்பது அவனுடைய முடிவு.

அப்பா